பேரரசர் டைட்டஸ் மீட் சாகவா விரும்பினார்?

'ஸ்கைரிம்' வெளிவந்தது 2011 நவம்பர் 11 அன்று. அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனம் உருவாக்கிய இந்த விளையாட்டு ஆறு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருப்பதாக அதன் இயக்குநர் டாட் ஹோவர்ட் 2023-இல் சொன்னார். டிராகன்கள் பறக்கும், மந்திரம் பலிக்கும் அந்தக் கற்பனை உலகத்தில், விளையாடுபவர் விரும்பினால் ஒரு கொலைகாரக் கூட்டத்தில் சேரலாம். 'டார்க் பிரதர்ஹுட்' என்பது அதன் பெயர். அந்தக் கூட்டத்தின் கதை முழுவதும் ஒரே ஒரு பெரிய வேலையை நோக்கிப் போகிறது: நாட்டின் பேரரசரைக் கொல்வது. சாலிட்யூட் நகரத்தின் கரைக்கு அப்பால் நிற்கும் 'கட்டாரியா' என்ற கப்பலுக்கு நீந்திப் போய், நங்கூரச் சங்கிலி வழியாக உள்ளே நுழைந்து, காவலர்களைக் கொன்றோ அவர்கள் கண்ணில் படாமலோ கடந்து, அறைக் கதவைத் திறந்தால், உள்ளே வயதான ஒருவர் தனியாக இருக்கிறார். அவர் கூச்சல் போடுவதில்லை. தப்பி ஓடப் பார்ப்பதில்லை. கையில் ஆயுதம் எடுப்பதுமில்லை. கொலையாளி வாய் திறப்பதற்கு முன் அவரே பேசத் தொடங்குகிறார். தான் சாக வேண்டியவன், நீ கொல்ல வந்தவன், இதில் மாற்ற ஒன்றுமில்லை என்ற பொருளில் நிதானமாகப் பேசுகிறார். கடைசியாக ஓர் உதவி கேட்கிறார்.

இந்தக் காட்சியை வைத்து அந்த விளையாட்டை நேசிப்பவர்களிடையே நெடுநாளாக ஒரு வாதம் நடக்கிறது. இரண்டாம் டைட்டஸ் மீட் என்ற இந்தப் பேரரசர் தன் கொலையை உள்ளூர வரவேற்றார் என்கிறது ஒரு தரப்பு. அவர்கள் காட்டும் காரணங்களைச் சுலபமாக ஒதுக்கிவிட முடியாது. குடிமக்களில் பெரும்பகுதியினர் வெறுத்த அரசர் அவர். போரில் வென்ற களத்திலேயே எதிரிக்குப் பணிந்து கையெழுத்திட்டவர் என்ற பெயர் அவருக்கு. கதை நடக்கும் ஸ்கைரிம் மாகாணத்தில் அவருக்கு எதிராகவே உள்நாட்டுப் போர் நடக்கிறது. அவருடைய உறவுக்காரப் பெண் தன் திருமண விருந்திலேயே கொல்லப்பட்டிருக்கிறாள். இத்தனைக்கும் பிறகு அந்த முதியவர் அமைதியாக இருக்கிறார் என்றால், அந்த அமைதி விடுதலை கிடைத்தவனின் அமைதிதான் என்பது அவர்கள் முடிவு. எனக்கு அது சரியாகப் படவில்லை. சாவு இனித் தப்பாது என்று ஒப்புக்கொள்வது வேறு, சாவை வரவேற்பது வேறு. டைட்டஸ் மீட் அந்த அறையில் செய்தது முதலாவதைத்தான். அதை அன்று புதிதாகச் செய்யவில்லை. அரியணையில் இருந்த காலமெல்லாம் அதையே செய்துவந்தார். மக்கள் அவரை வெறுத்ததும் அதற்காகத்தான்.

அவருடைய ஆட்சிக் கதையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். அந்த உலகத்தின் கணக்கில் நான்காம் யுகம் 168-இல் அவர் அரியணை ஏறினார். மூன்றே ஆண்டுகளில், எல்ஃப்களின் வல்லரசான ஆல்ட்மெரி டொமினியனிலிருந்து ஒரு தூதர் மூடிய வண்டியோடு தலைநகருக்கு வந்தார். கூடவே கோரிக்கைகளும் வந்தன. பெருந்தொகை கப்பமாகக் கட்ட வேண்டும், பேரரசின் ஒற்றர்படையான பிளேட்ஸைக் கலைக்க வேண்டும், மனிதராகப் பிறந்து தெய்வமானவர் என்று மக்கள் நம்பும் டாலோஸின் வழிபாட்டைத் தடைசெய்ய வேண்டும், ஹேமர்ஃபெல் மாகாணத்தின் பெரும்பகுதிகளை விட்டுக்கொடுக்க வேண்டும். படை பலவீனமாக இருக்கிறது என்று தளபதிகள் எச்சரித்தும் டைட்டஸ் மீட் மறுத்துவிட்டார். தூதர் வண்டியைக் கவிழ்த்தார். டொமினியன் மண்ணில் வேலை செய்த பிளேட்ஸ் ஒற்றர்கள் அத்தனை பேரின் தலைகளும், நூற்றுக்கும் மேல், தரையில் உருண்டன. போர் தொடங்கியது. 174-இல் தலைநகரமே முற்றுகையில் விழும் நிலை வந்தபோது, நகரத்தோடு சேர்ந்து அழிவதா, நகரத்தை விட்டுவிட்டுப் படையைக் காப்பாற்றுவதா என்ற கேள்வி எழுந்தது. அவர் படையைத் தேர்ந்தெடுத்தார். எட்டாவது லீஜன் என்ற படைப்பிரிவை மதில்மேல் நிறுத்திவிட்டு, மற்றவர்களோடு வடக்கே முற்றுகையை உடைத்து வெளியேறினார். எட்டாவது லீஜன் அழிந்தது. நகரம் சூறையாடப்பட்டது. அடுத்த ஆண்டு, காப்பாற்றிய அதே படையோடு திரும்பி வந்து, ரெட் ரிங் போரில் டொமினியன் படையைச் சுற்றி வளைத்து நசுக்கி, தலைநகரை மீட்டார். எதிரிப் படைத்தலைவன் நாரிஃபினை ஒயிட்-கோல்ட் கோபுரத்திலிருந்து தொங்கவிட்டு 33 நாள் உயிரோடு வைத்திருந்தார்கள். பழியை எளிதில் மறக்கிற அரசவை அல்ல அது.

வெற்றி பெற்ற அந்த வேளையில்தான் ஒயிட்-கோல்ட் கான்கோர்டட் என்ற உடன்படிக்கையில் அவர் கையெழுத்திட்டார். 171-இல் எவற்றை மறுத்துப் போருக்குப் போனாரோ, ஏறக்குறைய அவற்றையே இப்போது ஒப்புக்கொண்டார். டாலோஸ் வழிபாடு சட்டவிரோதம் ஆயிற்று. பிளேட்ஸ் கலைக்கப்பட்டது. ஹேமர்ஃபெல்லின் தென்பகுதி எதிரிக்குப் போயிற்று. ஹேமர்ஃபெல் மக்கள் இதை ஏற்க மறுத்தபோது, உடன்படிக்கையைக் காக்க அந்த மாகாணத்தையே பேரரசிலிருந்து விலக்கினார். பிறகு அந்த மக்கள் தனியாகவே போராடி 180-இல் டொமினியனைத் தங்கள் நிலத்திலிருந்து வெளியேற்றினார்கள். டைட்டஸ் மீட் மீதான மிகக் கடுமையான குற்றச்சாட்டு இதுதான், இதற்கு நல்ல பதில் கிடையாது. ஒரு மாகாணம் தனியாக ஐந்தாண்டு தாக்குப்பிடித்தது என்றால், முழுப் பேரரசும் இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்க முடியாதா? அவர் தரப்பை எழுதிய லீஜன் அதிகாரி ஒருவரின் நூலும் விளையாட்டுக்குள்ளேயே கிடைக்கிறது. போர் முடிந்தபோது எந்த லீஜனிலும் பாதிப் பேருக்கு மேல் களத்தில் நிற்கத் தகுதியாக இல்லை, மக்களுக்கு மூச்சுவிட அமைதி வேண்டியிருந்தது என்கிறது அது. எழுதியவர் அவருடைய அதிகாரி என்பதை மறக்கக் கூடாது. ஆனால் அந்த நூல் காட்டும் மனிதரும் நிகழ்ச்சிகள் காட்டும் மனிதரும் ஒருவரே: கையிலிருந்து போய்விட்டதை எண்ணி அழாமல், மிச்சம் எதைக் காப்பாற்றலாம் என்று கணக்குப் போடுகிறவர். நகரம் போகட்டும், படை மிஞ்சட்டும். தெய்வ வழிபாடு போகட்டும், பேரரசு மிஞ்சட்டும். ஹேமர்ஃபெல் போகட்டும், அமைதி மிஞ்சட்டும். அந்தக் கணக்கு சரியா தவறா என்பது தனி விவாதம். அந்தக் கணக்கைப் போடும் புத்தி அவரிடம் எப்போதும் விழித்திருந்தது என்பதில் சந்தேகமில்லை.

கப்பல் அறையில் அவர் கேட்கும் உதவியை இந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். என்னைக் கொன்று கூலியை வாங்கிக்கொண்ட பிறகு, இந்தக் கொலையை ஏற்பாடு செய்தது யாரோ, அந்த ஆளையும் கொன்றுவிடு என்கிறார். தன் உயிருக்காக ஒரு சொல்லும் சொல்வதில்லை. உயிர் போய்விட்டது என்று கணக்கிலிருந்து கழித்துவிட்டார். மிஞ்சியிருப்பது ஒன்று: துரோகத்துக்குத் தண்டனை. அதைச் செய்யக்கூடிய ஒரே ஆள் எதிரே நிற்கும் கொலையாளிதான் என்பதைக் கண்டுகொண்டு, அவனையே தன் கடைசி ஊழியனாக்கப் பார்க்கிறார். சாவை வரவேற்கும் மனிதர் தன்னைக் கொல்லச் சொன்னவருக்கு நன்றியாவது சொல்லியிருப்பார், இல்லாவிட்டால் அந்த ஆளைப் பற்றிய நினைப்பே இல்லாமல் இருந்திருப்பார். இவரோ அதைக் குற்றம் என்கிறார், தண்டனை கேட்கிறார். இதற்கு எதிர்த்தரப்பு சொல்லும் பதில் கெட்டிக்காரத்தனமானது: மனிதனாக அவர் சாவை விரும்பினார், பேரரசனாகத் துரோகத்தைத் தண்டிக்கச் சொன்னார், இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்கலாம். இருக்கலாம்தான். ஆனால் மனிதனாக விரும்பினார் என்பதற்கு அந்த அறையில் ஒரு சான்றும் இல்லை. உடன்படிக்கையைப் பற்றியோ டாலோஸைப் பற்றியோ ஹேமர்ஃபெல்லைப் பற்றியோ கொலையாளியிடம் அவர் ஒரு வருத்தமும் சொல்வதில்லை. களைப்பு, குற்ற உணர்வு, பாவமன்னிப்பு எல்லாம் நாம் வெளியிலிருந்து அவர் தலையில் ஏற்றுபவை.

அவர் ஏன் ஸ்கைரிமுக்கு வந்தார் என்ற கேள்வி இதைவிட வலுவானது. தன் உறவுக்காரி விட்டோரியா விச்சி கொல்லப்பட்ட அதே நகரத்துக்கு, கொலையாளிகள் நடமாடும் மண்ணுக்கு, உள்நாட்டுப் போர் நடக்கும் நேரத்தில் தலைநகரை விட்டு வருவது சாவைத் தேடி வருவது ஆகாதா? இங்கே சதித்திட்டத்தையே சாட்சிக்கு அழைக்கலாம். கொலையை ஏற்பாடு செய்த அமான்ட் மோட்டியர், பேரரசின் ஆலோசனைச் சபையான எல்டர் கவுன்சிலின் உறுப்பினர். பேரரசரை நன்றாக அறிந்தவர். அந்தப் பெண்ணைக் கொல்லச் சொன்னதே, அப்படிச் செய்தால் பேரரசர் நேரில் வராமல் இருக்க முடியாது என்பதற்காகத்தான். அதாவது அவருடைய எதிரிகள் நம்பியது அவருடைய கடமை உணர்வை. சாவின்மேல் ஆசை உள்ளவரைத் தூண்டிலில் சிக்கவைக்க ஓர் அப்பாவிப் பெண்ணைத் திருமண விருந்தில் கொல்லத் தேவையே இருந்திருக்காது. வந்த பிறகும் அவர் வெளியே தலைகாட்டவில்லை. சாலிட்யூட்டில் டூர் கோட்டையில் விருந்துண்டு நஞ்சுக்குப் பலியானது பேரரசரைப் போல உட்கார்ந்திருந்த வேறொருவர். காவற்படைத் தலைவர் மாரோ பிறகு பேசுவதைக் கேட்டால், இப்படிப் போலி ஆட்களை வைத்துக்கொள்வது பேரரசரின் நெடுநாள் வழக்கம் என்று தெரிகிறது. தன் இடத்தில் சாக ஆள் வைத்திருந்த ஒருவர் சாவுக்கு ஏங்கினார் என்று எப்படி நம்புவது? அந்தப் பெயரில்லாத போலி ஆள் மேசையிலேயே விழுந்து செத்தான் என்பதைக்கூட இந்த விவாதத்தில் யாரும் பொருட்படுத்துவதில்லை.

எதிர்த்தரப்புக்கு இதில் ஒரு நியாயமான மறுப்பு உண்டு. அந்தப் பொறியெல்லாம் மாரோவின் ஏற்பாடு. பேரரசரோ, டார்க் பிரதர்ஹுடைத் தடுக்க முடியாது என்று மாரோவிடம் முன்பே சொன்னதாகக் கடைசியில் கூறுகிறார். தடுக்க முடியாது என்று நம்பியவர் கொலை முயற்சிக்குப் பிறகும் கப்பலை உடனே கிளப்பச் சொல்லாமல் கரைக்கருகிலேயே நின்றது ஏன்? கூட்டத்தின் மறைவிடம் ஃபால்க்ரீத் காட்டில் எரிக்கப்பட்டு, ஆபத்து நீங்கியது என்று மாரோவின் ஆட்கள் எண்ணியிருந்தார்கள் என்பது ஒரு விளக்கம். பேரரசர் அதை முழுதாக நம்பவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவரிடம் விதியின்மேல் ஒரு நம்பிக்கை இருந்தது. அரசர்களுக்கும் கொலையாளிகளுக்கும் உள்ள பந்தம் பழையது என்ற நினைப்பு இருந்தது. ஆனால் விதியை நம்புகிறவர்கள் எல்லோரும் சாவை விரும்புகிறவர்கள் அல்லர். கப்பல் எங்கே போனாலும் கத்தி பின்னால் வரும் என்று நினைப்பவருக்கு, நின்றாலும் ஓடினாலும் ஒன்றுதான்.

இதே தொடரில் இதற்கு முந்தைய விளையாட்டான, 2006-இல் வந்த 'ஒப்லிவியன்' இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டியிருக்கிறது. அதன் தொடக்கத்தில் பேரரசர் ஏழாம் யூரியல் செப்டிம் கொல்லப்படுகிறார். நடிகர் பேட்ரிக் ஸ்டூவர்ட்டின் குரல் அவருக்கு. தன் சாவைக் கனவுகளில் முன்கூட்டியே கண்டவர் அவர். தன் நேரம் நெருங்கிவிட்டது என்று நடந்துகொண்டே சொல்கிறார். ஆனாலும் சிறைக்குள் இருக்கும் ரகசிய வழியாகத் தப்பிக்கத்தான் போகிறார், காவலர்கள் சூழத்தான் போகிறார். இனி முடியாது என்று தெரிந்த கணத்தில் கழுத்திலிருந்த தாயத்தைக் கழற்றி, யாரென்றே தெரியாத ஒரு கைதியிடம் கொடுத்து, இதை இன்னாரிடம் சேர்த்துவிடு என்கிறார். அவர் சாவை வரவேற்றார் என்று யாரும் சொல்வதில்லை. இருநூறு ஆண்டு கழித்து டைட்டஸ் மீட் செய்வதும் இதையேதான். எதிரே இருக்கும் முகந்தெரியாத ஆளிடம், மிச்சமிருக்கும் ஒரே வேலையை ஒப்படைக்கிறார். ஒரு வேறுபாடு உண்டு: யூரியல் மக்கள் மதித்த அரசர், டைட்டஸ் மீட் மக்கள் வெறுத்த அரசர். ஒரே செயலை நல்ல அரசர் செய்தால் கடமை, கெட்ட பெயர் எடுத்தவர் செய்தால் வாழ்க்கையில் சலிப்பு என்று நாம் தீர்ப்பெழுதுகிறோம்.

இந்தக் கேள்வி இந்த விளையாட்டில் பிறந்ததுமல்ல. பெயர்களிலும் லீஜன்களிலும் படைப்பதவிகளிலும் இந்தப் பேரரசு ரோமை வைத்தே வரையப்பட்டது. அந்த ரோமில் கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்டபோதும் இதே பேச்சு எழுந்தது. உடல்நலம் கெட்டிருந்ததால் சீசருக்கு மேலும் வாழ விருப்பமில்லை, அதனால்தான் எச்சரிக்கைகளைப் புறக்கணித்தார் என்று அவருடைய நண்பர்களில் சிலர் ஐயப்பட்டதாக வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். ஆனால் அதே இடத்தில் வேறு விளக்கங்களையும் அவர் பதிவு செய்கிறார். செனட் உறுப்பினர்களின் சத்தியத்தை நம்பி மெய்க்காவலர்களை அனுப்பிவிட்டார் என்றனர் சிலர். எந்நேரமும் பயந்து வாழ்வதைவிட ஒருமுறை துணிந்து நிற்பதே மேல் என்று நினைத்தார் என்றனர் வேறு சிலர். பாதுகாப்பைக் கைவிட்ட ஒரே செயலுக்கு இத்தனை விளக்கம். சாவாசை அவற்றில் ஒன்று மட்டுமே. கி.பி. 69-இல் கொல்லப்பட்ட கால்பாவின் கதை டைட்டஸ் மீட்டுக்கு இன்னும் நெருக்கமானது. எழுபதைக் கடந்த, சிக்கனத்தாலும் கண்டிப்பாலும் படைவீரர்கள் வெறுத்த பேரரசர் அவர். நாட்டுக்கு நல்லதென்றால் வெட்டுங்கள் என்று கழுத்தைக் காட்டினார் என்று பெரும்பாலோர் சொன்னதாக டாசிட்டஸ் எழுதுகிறார். கெஞ்சினார் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவரை வெறுத்தவர்களும் வியந்தவர்களும் அவரவர் மனப்போக்குக்கு ஏற்பக் கடைசி வார்த்தைகளைச் சொன்னார்கள் என்றும், கொன்றவர்களுக்கு அவர் என்ன சொன்னார் என்பதே பொருட்டாக இல்லை என்றும் டாசிட்டஸ் குறிப்பிடுகிறார். நம் விவாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான குறிப்பு கிடைக்காது.

இதெல்லாம் விளையாட்டை எழுதியவர்களின் வசதிக்காகச் செய்தது, இதில் மனத்தத்துவம் தேடுவது வீண் என்று சிலர் சொல்வார்கள். முதியவர் ஒருவரோடு வாள்சண்டை போட்டு வெல்வதில் விறுவிறுப்பு இல்லை. அதனால் சண்டையை எடுத்துவிட்டுப் பேச்சை வைத்தார்கள், அவ்வளவுதான் என்பார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பேச வைப்பது என்று முடிவு செய்தவர்கள் என்ன வேண்டுமானாலும் பேச வைத்திருக்கலாம். அழ வைத்திருக்கலாம், சபிக்க வைத்திருக்கலாம், நன்றி சொல்ல வைத்திருக்கலாம். அவர்கள் எழுதியது ஒரு கட்டளை. படைப்பில் இருக்கும் சொல்லுக்குப் படைப்பில் இருக்கும் பொருளைக் கொடுப்பதுதான் வாசகரின் வேலை, நாடகமானாலும் நாவலானாலும் கணினி விளையாட்டானாலும்.

இவ்வளவு தூரம் இதை வாதிட ஒரு காரணம் இருக்கிறது. நாவலில் கொலை நடந்தால் கொலையாளி வேறொருவன். இங்கே கொலையாளி விளையாடுகிறவர். கத்தியை இறக்குவது அவர் விரல். விளையாட்டு அவரைக் கட்டாயப்படுத்தவும் இல்லை: கூட்டத்தின் தலைவி ஆஸ்ட்ரிட் முதன்முதலாகச் சந்திக்கும் இடத்திலேயே அவளைக் கொன்றுவிட்டு மாரோவிடம் போய்ச் சொன்னால், கூட்டம் அழிக்கப்படும், 3,000 பொற்காசு கிடைக்கும், பேரரசர் உயிரோடு இருப்பார். அந்த வழியை விட்டுவிட்டு, திருமணப் பெண்ணையும், மாரோவின் மகனையும், ஒரு சமையல்காரரையும், ஒரு போலிப் பேரரசரையும் கொன்று, கடைசியில் நிராயுதபாணியான ஒரு முதியவர் முன் வந்து நிற்பவருக்கு, அவரே சாகத்தான் விரும்பினார் என்ற விளக்கம் எவ்வளவு ஆறுதலாக இருக்கும்! குற்றம் உதவியாகிவிடுகிறது. கொலையாளி கருணையாளர் ஆகிவிடுகிறார். செத்தவர் மறுத்துப் பேச முடியாது, மக்களிடம் நல்ல பெயர் இல்லாத அரசருக்காக வேறு யாரும் மறுத்துப் பேசப்போவதில்லை. நிஜ உலகத்திலும் வெறுக்கப்பட்ட ஆட்சியாளர்கள் கொல்லப்பட்ட பிறகு இப்படிப்பட்ட பேச்சுகள் கிளம்புவது இதனால்தான். அந்தப் பேச்சால் செத்தவருக்குப் பயனில்லை; கொன்றவர்களுக்கும் கைகட்டிப் பார்த்தவர்களுக்கும்தான் அது தேவைப்படுகிறது.

டைட்டஸ் மீட் நல்ல அரசர் என்று நான் வாதிடவில்லை. ஹேமர்ஃபெல்லைக் கைவிட்டதற்கு அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்; டாலோஸ் கோயில்களில் கும்பிட்டதற்காகப் பிடித்துச்செல்லப்பட்டவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். அவர் சாவுக்கு ஏங்கினார் என்று சொல்வது இந்தக் கேள்விகளையும் சேர்த்தே மழுங்கடிக்கிறது. தன் செயல்களுக்காக வருந்திச் செத்தவர் என்று அவர்மேல் இரக்கப்பட்டுவிட்டால், அந்தச் செயல்களை ஆராய வேண்டிய தேவை போய்விடும். அவர் வருந்தியதாக எந்தச் சான்றும் இல்லை. கடைசி நிமிடம் வரை கணக்குப் போட்ட அரசராகவே அவரை வைத்துப் புகழ்வதும் இகழ்வதும் நேர்மையானது.

பேரரசரைக் கொன்ற பிறகு மோட்டியர் ஒயிட்ரன் நகரத்து விடுதியில் காத்திருக்கிறார். கூலியான 20,000 பொற்காசு வோலன்ரூட் பழங்கல்லறைக்குள் ஒரு தாழியில் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார். அவரைக் கொல்வதும் விடுவதும் விளையாடுகிறவர் விருப்பம். அந்தக் கிழவர் சாவை வரவேற்றார் என்று நம்புகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அவர் விரும்பியதாக நீங்கள் ஊகிப்பதை நிறைவேற்றிவிட்டீர்கள். அவர் வாய்விட்டுக் கேட்டதை நிறைவேற்ற அந்த விடுதிக்குப் போனீர்களா?